வரத்துக்கால்வாயைப் பிடித்துக்கொண்டு: பொங்கல் விடுமுறையில் ஏரி விட்டு ஏரி, ஒரு கனூ

போகிக்கு முந்தைய இரவு, சென்னை

தெற்கே செங்கல்பட்டைத் தாண்டினால் ஏரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொடுத்து நிற்கும். மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் என்ற வழிவாயில் வழிந்து கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அதற்கும் கீழே போகும். இந்தத் தொடரில் சாலை எட்டாத மூன்று ஏரிகளைக் கனூ என்ற, காற்றடைத்த சிறு துடுப்புப் படகோடு தொடுவதுதான் திட்டம். ஏரிகளின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறே கரையில் பைக் நிறுத்த இடம் இருக்காது. முறையைச் சொல்கிறோம், உங்கள் ஏரியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

முதலில் போகக்கூடாத இடங்கள். செம்பரம்பாக்கம், செங்குன்றம், சோழவரம், பூண்டி எல்லாம் சென்னையின் குடிநீர், அங்கே படகு என்ற பேச்சே வேண்டாம். வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலய எல்லை. கரிக்கிலியும் சரணாலயம். இந்த மாதங்களில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கின்றன, அந்த வட்டத்துக்குள் தூண்டிலும் கிடையாது, துடுப்பும் கிடையாது. இவற்றை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் மீதியைப் பார்க்க வேண்டும்.

மீதி ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு போட்டு விட்டவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்குள் போய் டீக்கடையில் கேட்டால் அவர் யார் என்று தெரிந்துவிடும். விரால் மட்டும் செயற்கைத் தவளையில் பிடிப்போம், பிடித்ததைத் திருப்பி விடுவோம் என்று சொன்னால் பலர் சரி என்பார்கள், சிலர் ஒரு தொகை கேட்பார்கள். முடியாது என்றால் திரும்பி வந்துவிட வேண்டும். இதை முன்கூட்டியே முடித்தாயிற்று.

இனி வரைபடம். கூகுளில் தெரியும் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள் இங்கே அடிவாங்குவார்கள். அந்தப் படம் பல இடங்களில் கோடையில் எடுத்தது. ஏரி காய்ந்து, நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் தரை தெரியும். தை மாதத்தில் அதே இடத்தில் ஆள் மட்டத்துக்குமேல் தண்ணீர் நிற்கும். இன்றைய நீர்ப்பரப்புக்கு சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படம்தான் சரி. சுமார் 5 நாளுக்கு ஒருமுறை புதுப்படம், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர், இலவசம். அதில் அகச்சிவப்பு சேர்த்த வண்ணத்தைத் தேர்ந்தால் திறந்த நீர் கறுப்பாகவும், ஆகாயத்தாமரை பளீர் சிவப்பாகவும் வரும். சாதாரணப் படத்தில் இரண்டுமே கரும்பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும். ஆகாயத்தாமரை மூடிய பகுதியில் கனூ நகராது, 50 மீட்டர் கடக்க அரை மணி நேரம் பிடிக்கும்.

அதற்காகக் கோடைப் படத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதில்தான் ஏரியின் அடிவயிறு தெரிகிறது. மே மாதப் படத்தில் தரையில் செவ்வகமாக, ஓரம் வெட்டினாற்போல் தெரிபவை சவுடு மண்ணும் வண்டலும் அள்ளிய குழிகள். இப்போது அவை நீருக்கடியில் இருக்கின்றன. முழங்கால் அளவில் நடந்து படகை இழுத்துக்கொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்குமேல் போய்விடுவார், கரை வழுக்கும் என்பதால் ஏறவும் முடியாது. ஏரியில் மூழ்கி இறப்பவர்களில் பலரைக் காவு வாங்குவது இந்தக் குழிகள்தான். ஒவ்வொரு குழியின் மூலையையும் ஜிபிஎஸ் புள்ளியாகப் போட்டாயிற்று. வெட்டிய கருவேல மரத்தின் அடிக்கட்டைகளும் அதே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது அடுக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடம். 2 செ.மீ. என்றால் 1 கி.மீ. தரை தட்டை என்பதால் சமஉயரக் கோடுகள் அதிகம் உதவா, ஆனால் ஏரிக்கரை, கால்வாய், கோயில், உயர் மின்கம்பி வரிசை எல்லாம் உண்டு. நான்காவது, தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும் புலப்படமும் அ-பதிவேடும். புல எண்ணைப் போட்டால் அந்தத் துண்டு பட்டாவா, வாய்க்கால் புறம்போக்கா, வண்டிப்பாதையா என்று வந்துவிடும். வெளிநாட்டுக் காட்டில் தடம் விட்டு நடப்பதற்கும் இங்கே நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. வாய்க்கால் புறம்போக்கை ஒட்டியே போனால் யார் பயிரையும் மிதிக்க வேண்டியதில்லை.

மூட்டை: இருவர் கனூ, 3.3 மீட்டர், மூன்று காற்றறை, பையோடு 16 கிலோ. அது ஒருவர் முதுகில். மற்றவர் முதுகில் நான்கு துண்டாகக் கழலும் துடுப்பு இரண்டு, கைப்பம்பு, இரண்டு உயிர்காப்பு மேலாடை, ஒட்டுப் பெட்டி, அரிசி, பருப்பு, ஸ்டவ், ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். தண்ணீரோடு அதுவும் ஏறக்குறைய 17 கிலோ வரும். ஃபைபர் கனூ வைத்திருப்பவர்கள் குட்டியானையில் ஏற்றிக் கரைவரை கொண்டுபோகலாம், ஆனால் 30 கிலோவுக்கு மேல் உள்ள படகு வரப்பில் திரும்பாது. இரண்டு நடையாகச் சுமக்கலாம் என்பதும் கணக்கில் உதைக்கும். 2 கி.மீ. தூரத்தை இரண்டு நடையில் கடந்தால் கால் நடப்பது 6 கி.மீ. ஒரே நடையில் முடியாத எதையும் வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

போகி

தாம்பரத்திலிருந்து முதல் மின்சார ரயில்களில் ஒன்று. போகிப் புகையும் பனியும் சேர்ந்து, வண்டலூர் தாண்டியும் சன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ரயிலில் பெரிய பையோடு ஏறுகிறவர்கள் கடைசிப் பெட்டியின் கதவோரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. செங்கல்பட்டுக்கு மேல் மேல்மருவத்தூர்வரை போகும் வண்டியும் உண்டு, நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு தார்ச்சாலை முடியும் இடம்.

திசைக்கு ஒரு எச்சரிக்கை. தை பிறக்கும் சமயத்தில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. சென்னை அட்சரேகையில் ஏறக்குறைய 22 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. உதயத்தைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டு 1 கி.மீ. நடந்தால் ஏறக்குறைய 370 மீட்டர் விலகிப் போயிருப்பீர்கள், ஒரு சின்ன ஏரியையே தவறவிடப் போதுமான தூரம். கைத் திசைகாட்டி 300 ரூபாய்க்கும் கிடைக்கும், ஆனால் அடித்தட்டு தெளிவாக, சுழலும் வளையம் உள்ளதாக வாங்க வேண்டும். இந்தப் பகுதியில் காந்த விலகல் மிகச் சிறியது, கழித்துக் கூட்டவேண்டிய அவசியம் இல்லை. உயர் மின்கம்பிக்கு அடியிலும், பையில் உள்ள செல்போனுக்கு அருகிலும் முள் ஆடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. எனவே பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்குப் பக்கம் பிறை வடிவில் இருக்கும், ஆழமும் அங்கேதான். மேற்கே போகப் போக நீர் சுருங்கி, சேறாகி, புல்லாகி, கருவேல மரமாகிவிடும். மதகு கரையில் இருக்கும், கலங்கல் கரையின் ஒரு முனையில் அல்லது இரு முனையிலும். கரையின் வெளிப்புறம் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல். இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பனியில்கூடப் பாதி வழி தெரிந்துவிடும். கரையில் வரிசையாகப் பனைமரம் நிற்கும், முனையில் பெரும்பாலும் ஓர் ஐயனாரோ கன்னிமார் கோயிலோ இருக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பனை வரிசை தெரிந்தால் அது கரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கரையில் நீர்க்கட்டியை, அதாவது மதகு திறந்து நீர் பாய்ச்சும் ஊர்க்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்குவது முக்கியம். எந்த மதகு எப்போது திறக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். இன்று கிடைத்த பதில்: "நடு மதகு தொறந்துதான் இருக்குது தம்பி. பாக்க அமைதியாத்தான் இருக்கும், அடியில இழுத்துடும். அந்தப் பக்கம் போவாதீங்க." திறந்த மதகின் வாய் நீருக்கடியில் இருக்கிறது. மேலே சுழிகூடத் தெரியாமல் போகலாம். நீர்ப்பக்கத்தில் குறைந்தது 20 மீட்டர் விலகிப் போக வேண்டும், துடுப்பு விழுந்தாலும் அங்கே எடுக்கப் போகக்கூடாது.

காற்றடைப்பது. தார்ப்பாய் விரித்து, கையால் தடவி முள் இல்லை என்று பார்த்த பிறகே கனூவை விரிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் தையல் கோணிக்கொள்ளும். மூன்று அறையையும் பாதிவரை அடித்து, மடிப்புகளை இழுத்துச் சரிசெய்து, பிறகு முழுதாக்குவது சரி. இருவழிக் கைப்பம்பில் பத்து நிமிட வேலை. எங்கள் பக்கக் குழாய்களின் காற்றழுத்த அளவு 2.5 பிஎஸ்ஐ. உங்கள் படகுக்கு வால்வின் அருகே அச்சடித்திருக்கும் எண்தான் சட்டம். வால்வின் ரப்பர் விளிம்பில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டை என்று நினைத்து உடல் முழுக்கத் தேடுவதற்குமுன் வால்வை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

நீரில் இறக்கிய 10 நிமிடத்தில் கனூ தொய்ந்துபோகும். பதற வேண்டாம், தண்ணீரின் குளிரில் காற்று சுருங்குவதுதான். இன்னும் பத்து அடி பம்பு அடித்தால் சரியாகிவிடும். இதற்கு நேர்மாறானதுதான் படகைக் கொல்லும். காலை 25 பாகையில் 2.5 பிஎஸ்ஐ அடித்த குழாய், மதியம் கரையில் வெயிலில் கிடந்து உள்காற்று 55 பாகைக்குப் போனால் அழுத்தம் ஏறக்குறைய 4-ஐத் தொடும். தையல் பிளப்பது அப்போதுதான். சாப்பிட ஒதுங்கினால் ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று விநாடி காற்றை இறக்கிவிட்டு, நிழலில் போட வேண்டும்.

முதல் ஏரியில் மேற்கு நோக்கிக் கடப்பது மட்டும்தான் இன்று. மாலையில் கரைக்குப் பக்கத்துக் கோயில் திடலில், ஊரில் கேட்டுக்கொண்டு கூடாரம். நிலக்கடலை, நெல் வயல்களுக்கு நடுவே இரவில் நடக்கவே கூடாது. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்வேலி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பொங்கல்

இன்றுதான் உண்மையான வேலை: முதல் ஏரியின் மேற்கு முனையிலிருந்து இரண்டாவது ஏரிக்கு. நேர்கோட்டில் 1.4 கி.மீ., கால்வாய் வழியே 2.1 கி.மீ. செல்போனில் நேர்கோட்டைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அந்தக் கோட்டில் முதலில் 400 மீட்டர் சீமைக்கருவேலம், பிறகு அறுவடைக்கு நிற்கும் சம்பா. சீமைக்கருவேலப் புதருக்குள் 16 கிலோ பையோடு மணிக்கு 300 மீட்டர் போனாலே அதிகம். வரப்பில் சுமையோடு மணிக்கு இரண்டரை கி.மீ. போகலாம். ஆகவே நீளமான வழிதான் வேகமான வழி. மேல் ஏரியின் உபரிநீர் கீழ் ஏரிக்கு வரும் கால்வாய் இந்தப் புதரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் தனக்கு வேண்டிய இடைவெளியை எப்போதும் வைத்திருக்கும். செயற்கைக்கோள் படத்தில் புதருக்குள் மெல்லிய கருங்கோடாகத் தெரிவது அதுதான்.

கால்வாய் வாயைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும். ஏரியின் மேற்கு ஓரம் எங்கும் ஒரே மாதிரி: நிற்கும் கருவேல மரங்கள், நெய்வேலிக் காட்டாமணக்கு, கோரை. மூன்று அடையாளங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, மரத்தில் பிடித்திருக்கும் குப்பை: வெள்ளத்தில் வந்த வைக்கோலும் பிளாஸ்டிக்கும் இடுப்பு உயரத்தில் ஒரே திசையில் சாய்ந்து தொங்கினால் அங்கே ஓட்டம் இருந்தது. இரண்டு, நீரின் நிறம்: ஏரி பச்சை, வரத்து நீர் செம்மண் கலந்து கலங்கியிருக்கும் அல்லது தெளிவாக இருக்கும். மூன்று, கையை விட்டுப் பார்த்தால் வரத்து நீர் குளிர்ச்சியாக இருக்கும். துடுப்பை நிறுத்தி, மிதக்கும் இலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு நிமிடம் கவனித்தாலும் போதும். காற்று அடிக்காத அதிகாலையில் செய்தால்தான் இது பலிக்கும்.

கால்வாய்க்குள் முதல் 600 மீட்டர் துடுப்பிலேயே போனது. பிறகு ஆழம் முழங்காலுக்குக் கீழே. இங்கே படகில் உட்கார்ந்து உந்தித் தள்ளினால் அடிப்பாகம் கட்டையில் உரசும். இறங்கி, முன்னும் பின்னும் 8 மீட்டர் கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டும். முன்கயிற்றைப் பிடிப்பவர் கரையில், பின்கயிற்றைப் பிடிப்பவர் நீரில். கயிற்றை மணிக்கட்டில் சுற்றக்கூடாது. காலில் கம்பூட் வேண்டாம், சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் ஏறினால் இரும்புக்குண்டு. ஹவாய் செருப்பைச் சீமைக்கருவேல முள் அப்படியே துளைத்து மேலே வரும். இறுக்கக் கட்டிய கேன்வாஸ் ஷூ, உள்ளே தடித்த அட்டை. அழகு இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

சாலைக் குறுக்கே வரும் குழாய்ப் பாலங்களுக்கு அடியில் படகோடு நுழையவே கூடாது. எதிர்முனையில் முள்கிளை அடைத்திருக்கும், மேலே குளவிக்கூடு இருக்கும். மேலே ஏறி, தாண்டி, மறுபக்கம் இறக்குவதுதான்.

கால்வாய் உடைந்து வயலுக்குள் பரவிக் காணாமல் போகும் இடம் ஒன்று வந்தது. இங்கேதான் திசைகாட்டிக்கு வேலை. இலக்கு இரண்டாவது ஏரிக் கரையின் வடமுனைக் கலங்கல். நேராகக் கலங்கலையே குறிவைத்தால், கரையை அடைந்ததும் அது வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாது. எனவே வேண்டுமென்றே 10 பாகை தெற்கே தள்ளிக் குறிவைக்க வேண்டும். 800 மீட்டர் நடையில் அது 140 மீட்டர் விலகல். கரை மீது ஏறியதும் சந்தேகமே இல்லாமல் வலப்பக்கம், அதாவது வடக்கே திரும்பினால் கலங்கல். வரப்பு நேராகப் போகாது, செங்கோணத்தில் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் எவ்வளவு வடக்கே போனோம், எவ்வளவு மேற்கே போனோம் என்று எண்ணிக்கொள்வதற்கு எளிய வழி: வடக்குக்கு ஒரு சட்டைப் பை, மேற்குக்கு ஒரு சட்டைப் பை, எண்ணிக்கைக்குக் கூழாங்கற்கள். இடக்கால் ஊன்றுவதை மட்டும் எண்ணினால், சுமையோடு நடக்கும்போது 100 மீட்டருக்குச் சுமார் 70 வரும். உங்கள் எண்ணை ரயில்வே பிளாட்பாரத்தில் பையோடு நடந்தே அளந்துகொள்ளலாம்.

வரப்பில் கண் கீழேயே இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும், வரப்பின் பொந்தோரத்தில் சருகு நிறத்தில் கிடக்கும். நீளமான குச்சியால் முன்னே தட்டிக்கொண்டே போவது வழக்கம். கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தை முந்தின இரவே வரைபடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் முக்கியப் பங்கு இதே மாவட்டத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. 1978-இலிருந்து இயங்குகிறது.

கலங்கலில் மெல்லிய படலமாக மட்டும் நீர் வழிந்தது. பாசி பிடித்த கல், வேட்டியை மடித்துக்கட்டிய உள்ளூர்க்காரரே உட்கார்ந்துதான் கடக்கிறார். மாலை வெயில் தாழ்ந்தபின் விரால்.

விரால் காற்றைக் குடிக்கும் மீன். அல்லி இலைகளுக்கிடையே சின்னதாக ஒரு 'ப்ளக்', பிறகு இரண்டு மூன்று குமிழி. அந்த இடத்தில் நேராகப் போட்டால் போய்விடும். ஒரு மீட்டர் தாண்டிப் போட்டு, இலை மேல் ஏற்றி, இலை விளிம்பிலிருந்து 'சொட்' என்று நீரில் இறக்க வேண்டும். உள்ளே வெற்றான ரப்பர்த் தவளைதான் சரியான இரை. அதன் இரட்டை முள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் இலையிலும் சிக்காது, காற்றுப் படகையும் குத்தாது. மும்முனை முள் எதையும் இந்தப் படகில் ஏற்றக்கூடாது. கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டால் மீனை விடுவிப்பதும் சுலபம். தடி ஆறரை அல்லது 7 அடி, கொஞ்சம் விறைப்பானது. பின்னல் நூல் 40 பவுண்டு. மீனின் எடைக்காக இல்லை, மீனோடு சேர்ந்து வரும் இரண்டு கிலோ அல்லிக்கொடிக்காக.

தண்ணீர் வெடித்ததும் இழுப்பவர்கள்தான் அதிகம். தவளை மட்டும் முகத்துக்கு வரும். நூல் இறுகி, தடியின் நுனி கீழே போவது கையில் தெரியும்வரை காத்திருந்து பிறகு இழுக்க வேண்டும். உட்கார்ந்தபடியே, படகின் நீளவாக்கில். எழுந்து நின்று பக்கவாட்டில் இழுத்தால் கனூ கவிழும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் பந்தாகச் சுழல்வதைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் காக்கின்றன, எதைப் போட்டாலும் கடிக்கும். அதைப் பிடிப்பதில் திறமை ஒன்றும் இல்லை, குஞ்சுகள் அரை மணியில் கெளுத்திக்கும் கொக்குக்கும் போய்விடும்.

ஏரி நீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா என்றால், வேண்டாம். கிருமி சாகும், வயல் வடிகாலில் வந்த பூச்சிமருந்து அப்படியே இருக்கும். ஊர் மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்துக்கொண்டோம்.

மாட்டுப்பொங்கல்

காலையிலேயே மாடுகளைக் குளிப்பாட்ட ஏரிக்கு ஓட்டி வருவார்கள். பளபளக்கும் ஆரஞ்சு நிறப் படகைக் கண்டால் மாடு மிரளும், மிரண்ட மாடு ஆழத்துக்குப் போகும். கரையின் தென்பகுதி படித்துறையை விட்டு 200 மீட்டர் தள்ளியே போனோம். மூன்றாவது ஏரிக்கு விடிவதற்குள் புறப்படுவது அதனாலும் நல்லது, காற்றாலும் நல்லது. இந்த மாதத்தில் காலை பத்து மணிக்குமேல் வடகிழக்கிலிருந்து காற்று எழும்பும். காற்றடைத்த கனூ தண்ணீரின் மேல் மிதப்பதால் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். மேற்கே போகும் வழியில் காற்று முதுகில், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். எதிர்காற்றில் மூட்டையை நடுவிலிருந்து முன்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். முன்பக்கம் இலேசாக இருந்தால் காற்று மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

வலைகள். மாலையில் இறக்கிய தங்கூசி வலை காலை எட்டுவரை கிடக்கும். தெர்மாகோல் துண்டோ காலி தண்ணீர் பாட்டிலோ வரிசையாக மிதந்தால் அது வலை. இரு மிதவைக்கு நடுவே, அடித்துடுப்பை (படகு நேராகப் போக அடியில் மாட்டும் சிறு தகடு) கழற்றிவிட்டு, துடுப்பு போடாமல் மிதந்தே கடக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் வலையை அறுக்கக்கூடாது. அது ஒருவரின் நாள் கூலி.

மூன்றாவது ஏரிக்கான தரைவழி வெறும் 500 மீட்டர், சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இறக்கும் இடத்தில் இடப்பக்கக் குழாயில் முள் ஏறியது. சீமைக்கருவேல முள்ளின் தொல்லை என்னவென்றால் அது நுழைந்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளும், காற்று உடனே இறங்காது. நடு ஏரியில் உள்ளே ஒடிந்த நுனி நகரும்போதுதான் தெரியும். அதனால் கரையேறும்போதெல்லாம் உள்ளங்கையால் அடிப்பாகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

செய்முறை: முள்ளைப் பிடுங்குவதற்கு முன்பே பேனாவால் வட்டம் போட வேண்டும். பிடுங்கிவிட்டால் ஓட்டை கண்ணுக்கே தெரியாது. ஷாம்பு சாஷே ஒன்றைக் கால் டம்ளர் தண்ணீரில் கலந்து வட்டத்தைச் சுற்றித் தடவினால் குமிழி காட்டும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் அதுவும் சேர்ந்து அகப்படும். பிறகு காற்றை முழுதாக இறக்கி, துடைத்து, காயவைத்து, நைஸ் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். ஒட்டுத்துண்டு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 செ.மீ.யாவது நீள வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலைதான் முதலில் உரியும். பிவிசி பசை இரு பக்கமும் மெல்லிய பூச்சு. 5 நிமிடம். மறுபடி ஒரு பூச்சு. விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் தெரியும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, ஸ்பூனின் பின்புறத்தால் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரப்பசையில் ஒட்டினால் உள்ளே காற்றுக்குமிழி தங்கும், மறுநாள் அங்கேயே பிரியும். 12 மணி நேரம் மேலே பாரம். பனி இறங்கும் இரவில் வெளியே வைத்தால் பசை வெளுத்துப்போய்ப் பிடிக்காது, கூடாரத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக இன்று இனிமேல் படகு இல்லை. கரையிலிருந்தே பார்த்த ஏரி: நூற்றுக்கணக்கில் நாமக்கோழி, அவற்றுக்கு நடுவே ஊசிவால் வாத்து. இவை கூட்டமாக எழுந்தால் மீண்டும் உட்கார நெடுநேரம் பிடிக்கும், வலசை வந்த பறவைக்கு அது வீண் செலவு. நாளைக்குத் திரும்பும் பாதையை அந்தக் கூட்டத்திலிருந்து 100 மீட்டருக்கு மேல் விலக்கி வரைந்தாயிற்று.

காணும் பொங்கல்

மதியத்துக்குள் சாலையை அடைந்துவிட வேண்டும். காணும் பொங்கலன்று நீர் இருக்கும் எந்த இடத்துக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள், படகைப் பார்த்தால் பிள்ளைகள் ஏறக் கேட்பார்கள். உயிர்காப்பு மேலாடை இரண்டுதான் இருக்கிறது என்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, அது மாமா மகனாக இருந்தாலும்.

ஒட்டு பிடித்திருந்தது. அரை அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்துப் பார்த்து, பிறகு முழு அழுத்தம். திரும்பும் வழி நீரோட்டத்தோடு என்பதால் கால்வாயில் இறங்கி இழுக்கும் தூரம் குறைந்தது. ஜிபிஎஸ்ஸில் வந்த தடத்தை அப்படியே பின்பற்றலாம் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு: இடையில் ஒரு வயல் அறுத்தாயிற்று, வரப்பில் வைக்கோல் போர். அறுவடை இயந்திரம் போன தடம் வண்டிப்பாதையைப் போலவே தெரிந்து நேராகக் களத்துமேட்டில் கொண்டுபோய் விடும். எது பாதை, எது இயந்திரத் தடம் என்பதை அகலத்தால் கண்டுபிடிக்க முடியாது, புல்லால் முடியும். பாதையின் நடுவில் புல் வளர்ந்திருக்கும், இயந்திரத் தடத்தில் அறுத்த தாள் கிடக்கும்.

தூண்டில் தடிகளைக் கழற்றிக் குழாயில் போட்டபிறகே மோட்டார் கொட்டகைப் பக்கம் போனோம். வயல் மின்கம்பிகள் சில இடங்களில் கை எட்டும் உயரத்துக்குத் தொய்ந்திருக்கும். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும்.

ரயிலேறுமுன் கரையிலேயே ஒரு வேலை. படகின் மடிப்பு, அடித்துடுப்பின் இடுக்கு, கயிற்று முடிச்சு எல்லாவற்றிலும் ஆகாயத்தாமரைத் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்து, வறண்ட மேட்டில் போட்டுவிட வேண்டும். ஒரு விரல் நீளத் தண்டு போதும், அடுத்த ஏரியில் முளைக்க. வீட்டில் மொட்டைமாடியில் நிழலில் இரண்டு நாள் காயவைத்து, மடிப்புகளில் முகப்பவுடர் தூவி, வால்வுகளைத் திறந்தபடியே தளர்வாகச் சுருட்டி வைக்கலாம். எலி வராத இடமாக. ஒட்டின் மேல் மடிப்பு விழாதபடி சுருட்டுங்கள்.